ஒரு நோயும் ஒன்பது பரிகாரமும்

நமது நாட்டில் ஒருவன் மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டால், அவனுக்கு வலிக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ள எவரும் சாட்சி கேட்பதில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கத்து ஜனங்கள் உடனே வண்டியைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டிப் புத்தூர்க் கட்டுக்கோ, அல்லது ஆஸ்பத்திரிக்கோ ஓடுவார்கள். கால் வீங்கியிருக்கின்றது, எக்ஸ்ரே படத்தில் முறிவு தெரிகின்றது, ஆகவே வலி உண்மை. ஆனால், ஒரு பெண் தனக்கு உடம்பெல்லாம் வலிக்கின்றது என்று சொல்லி, வீக்கமும் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல், படத்திலும் ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் அகப்படாமல் இருந்துவிட்டால், நமது சமூகம் அவளுக்குக் கொடுக்கின்ற பட்டங்கள் இரண்டே. ஒன்று வேஷக்காரி, மற்றொன்று பேய் பிடித்தவள். முதல் பட்டத்தை வீட்டார் கொடுக்கின்றார்கள். இரண்டாவது பட்டத்தைப் பூசாரி கொடுக்கின்றார். முதல் பட்டத்தால் அவள் மானம் போகின்றது. இரண்டாவது பட்டத்தால் அவள் குடும்பத்தின் பணமும் சேர்ந்து போகின்றது.

நாம் இங்கு பேச எடுத்துக்கொண்ட நோய்க்கு வைத்திய உலகத்தார் இட்டிருக்கும் பெயர் பைப்ரோமயால்ஜியா என்பதாகும். பெயரைக் கண்டு தோழர்கள் மிரள வேண்டியதில்லை. நார், தசை, வலி என்கின்ற மூன்று பொருள்களை அந்நிய பாஷையில் ஒட்டி வைத்த பெயரே அது. மூன்று மாதத்திற்குக் குறையாமல் உடம்பின் மேலும் கீழும், இடமும் வலமும் பரவி நிற்கும் வலி. படுத்து எழுந்தும் தீராத களைப்பு. தூங்கியும் தூங்காதது போன்ற நிலை. நினைத்த சொல் நாவுக்கு வராத மந்தம். இவைதாம் அதன் அடையாளங்கள். உலகத்தில் நூற்றுக்குச் சுமார் 2 முதல் 4 பேர் வரை இந்த நோயால் அவஸ்தைப்படுகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் வயது வந்தவர் ஆயிரம் பேர் உள்ள ஒரு கிராமத்தில் குறைந்தது 20 பேராவது இருக்க வேண்டும். ஆண்களுக்கும் இது உண்டு; பெண்களிடத்தில் அதிகம். ஆனால் இப்பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நோய் இருக்கின்றது; பெயர் மாத்திரம் ஊருக்குள் வரவில்லை. பெயர் வராத இடத்தில் பேய் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்நோயைப் பற்றி முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அதாவது, இது தனியாக வருவது அபூர்வம், கூட்டத்தோடு வருகின்றது. ஒற்றைத் தலைவலி இதன் கூட்டாளி. வயிறு உப்பி, ஒரு நாள் பேதியும் ஒரு நாள் மலச்சிக்கலுமாக மாறி மாறி வதைக்கும் குடல் கோளாறு மற்றொரு கூட்டாளி. இரவில் படுத்தால் கால் குடைந்து, காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போல் தோன்றுவது ஒன்று. வாயைத் திறந்து மென்றால் தாடை மூட்டில் வலி எடுப்பது ஒன்று. மூத்திரப்பையில் வலியும் அடிக்கடி நீர் பிரிவதும் ஒன்று. மாதவிலக்கின்போது தாங்கமுடியாத வயிற்று வலி ஒன்று. இவற்றோடு மனச்சோர்வு, பதற்றம். முடக்குவாதம், லூபஸ் முதலிய வேறு நோய்கள் உள்ளவர்களையும் இது தேடிப் பிடிக்கின்றது. முடக்குவாதக்காரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இதுவும் சேர்ந்திருப்பதாக ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

நிற்க, ஒரே உடம்பில் இத்தனையும் சேர்ந்து வந்தால் என்ன செய்ய வேண்டும்? ஒரு புத்தியுள்ள மனிதன், இவை எல்லாவற்றிற்கும் ஒரு பொதுக் காரணம் இருக்குமா என்று யோசிப்பான். ஆனால் நம் நாட்டு வியாபாரிகளுக்கோ, நோய் எத்தனை கூறாகப் பிரிகின்றதோ அத்தனை கடை வைக்கலாம். தலைவலியா? கண் திருஷ்டி, பூசணிக்காய் உடை. வயிற்று வலியா? எவளோ சோற்றில் மருந்து வைத்துவிட்டாள். மருந்து எடுக்கிறவரிடம் போ. தூக்கம் இல்லையா? காற்று, கருப்பு, வேப்பிலை அடி. கால் குடைச்சலா? நாக தோஷம், புற்றுக்குப் பால் ஊற்று. மனச்சோர்வா? ஏழரைச் சனி, எள் விளக்கு ஏற்று. மாதவிலக்கு வலியா? தீட்டோடு அம்மன் கோயில் வாசலைத் தாண்டின குற்றம், கூழ் ஊற்று. மறதியா? குலதெய்வத்தை மறந்த குற்றம், கிடா வெட்டு. களைப்பா? செய்வினை, தாயத்து கட்டு. உடம்பு முழுவதும் வலியா? முருகனுக்கு நேர்ந்துகொண்டு காவடி எடு. ஆக ஒரு நோய்க்கு ஒன்பது பரிகாரம்! ஒன்பது பேருக்கும் தட்சணை உண்டு. ஆனால் நோயாளிக்கு மாத்திரம் ஒன்பதில் ஒன்றும் இல்லை.

இந்த ஒன்பது பேரும் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்பதையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். சனி என்கிறவர் செய்வினை என்பதில்லை. செய்வினை என்கிறவர் நாகம் என்பதில்லை. ஒன்பது பேரும் சொல்வது உண்மையாக இருக்க முடியாது. எட்டுப் பேர் பொய்யர்கள் என்பது ஒன்பது பேர் வாக்குமூலத்தினாலேயே ருஜுவாகின்றது. மிஞ்சின ஒருவருடைய யோக்கியதையை வாசகர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

திருத்தணியைப் பற்றி நாம் ஏன் குறிப்பாகப் பேசுகிறோம் என்று சிலர் கேட்கலாம். சூரனோடும் வேடரோடும் சண்டை செய்த முருகனுடைய கோபம் தணிந்த இடம் ஆனதால் தணிகை என்று இதற்குப் பெயர் வந்ததாகப் புராணக்காரர்கள் சொல்கிறார்கள். கோபம் தணிந்த இடத்தில் நோயும் தணியும் என்பது பக்தர்களுடைய கணக்கு. மலைமேல் சாமிக்குச் சாத்தின சந்தனத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் தீராத நோய் தீரும் என்று சொல்லப்படுகின்றது. இது மாத்திரமல்ல. 15-ஆம் நூற்றாண்டில் இருந்தவராகச் சொல்லப்படும் அருணகிரிநாதர் இந்த மலையைப் பற்றிப் பாடிய திருப்புகழ்ப் பாட்டு ஒன்று, கிட்டத்தட்ட ஒரு நோய் ஜாபிதாவாகவே இருக்கின்றது. இருமல், வாதம், நீரிழிவு, சோகை, ஓயாத தலைவலி, சூலை, பெருவலி என்று நோய்களை வரிசையாக அடுக்கி, இவை பிறவிதோறும் தன்னை வருத்தாதபடி அருள வேண்டும் என்று அவர் கேட்கிறார். அந்தப் பாட்டையே மருந்தாக எண்ணி வீடுகளில் பாராயணம் செய்கிறவர்கள் இன்றைக்கும் அநேகர்.

அருணகிரிநாதர் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர் காலத்தில் ரத்தத்தைப் பரிசோதிக்கத் தெரியாது. நரம்பு என்ன வேலை செய்கின்றது என்று தெரியாது. வலித்தவன் கதறினான், கதறினது பாட்டாயிற்று. வாதமும் தலைவலியும் பெருவலியும் ஒன்றாகச் சேர்ந்து மனிதனை வதைக்கும் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கின்றது. நம்முடைய கேள்வியெல்லாம், அதற்குப்பின் ஏறக்குறைய 500 வருஷம் ஆகியும் அந்த ஜாபிதாவைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றியதுதான். பாடினவருக்கு வேறு வழி இல்லை. படிக்கிறவருக்கு வழி இருக்கின்றதே!

இனி, அறிவு இந்நோயை எப்படித் துருவிற்று என்பதைப் பார்ப்போம். 1904-ஆம் வருஷத்தில் லண்டனில் கவர்ஸ் என்னும் டாக்டர், இடுப்பு வலியைப் பற்றிப் பேசும்போது, தசையிலுள்ள நார்களில் அழற்சி ஏற்பட்டிருப்பதாக எண்ணி அதற்கு ஒரு பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் நார்களை எடுத்துப் பார்த்தார்கள். அழற்சி அங்கே இல்லை. உடனே என்ன செய்தார்கள்? பெரியவர் சொன்னது வேதவாக்கு என்று கும்பிட்டுக் கொண்டிருந்தார்களா? இல்லை. 1976-இல் ஹென்ச் என்பவர் பெயரையே மாற்றினார். 1990-இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர்கள் கூடி, உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடங்களில் வலித்தால் இந்நோய் என்று ஒரு விதி செய்தார்கள். அதிலும் குறை தெரிந்தது. அழுத்தும் கைக்குக் கை பலன் மாறிற்று. களைப்பும் தூக்கமின்மையும் கணக்கில் வரவில்லை. ஆகவே 2010-இல் அந்த விதியையும் தள்ளி, வலி எத்தனை இடத்தில், களைப்பு எவ்வளவு, தூங்கி எழுந்தால் தெளிவு உண்டா, புத்தி மந்தம் உண்டா என்று நோயாளியைக் கேட்டே எண்ணிக்கை போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2016-இல் அதையும் திருத்தி, தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு ஆகிய கூட்டாளிகளையும் நேராகக் கணக்கில் சேர்த்தார்கள். அதோடு, ஒருவருக்கு வேறொரு நோய் இருக்கின்றது என்பதால் இந்நோய் அவருக்கு இல்லை என்று தள்ளிவிடக்கூடாது என்றும் எழுதிவைத்தார்கள்.

நூற்றுச் சொச்சம் வருஷத்தில் ஒரு விஷயத்தில் எத்தனை தடவை திருத்தம்! இதைக் காட்டி, வைத்தியர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை என்று நமது சாஸ்திரிகள் சிரிக்கலாம். நாம் சொல்லுகின்றோம், தன் தவற்றைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வதற்குத்தான் அறிவு என்று பெயர். பஞ்சாங்கக்காரர் ராகு கேது விஷயத்தில் இதுவரை எந்த வருஷத்தில் என்ன திருத்தம் செய்தார் என்று சொல்லட்டும் பார்ப்போம்.

வலி உண்மையா, வேஷமா என்பதற்கும் பரீட்சை நடந்தாய்விட்டது. 2002-இல் அமெரிக்காவில் கிரேஸ்லி முதலானோர், நோயுள்ளவர்களையும் நோயில்லாதவர்களையும் மூளையின் வேலையைப் படம் பிடிக்கும் யந்திரத்தில் படுக்கவைத்து, கட்டைவிரல் நகத்தின்மேல் ஒரே அளவான அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். நோயில்லாதவர்களுக்கு லேசாகப் பட்ட அதே அழுத்தம், நோயாளிகளுடைய மூளையில் வலியை உணரும் பாகங்களைப் பலமாகக் கிளப்பிவிட்டது. மூளை வேஷம் போடுமா? ஒலிபெருக்கியில் சத்தத்தை ஏற்றும் திருகை எவனோ கடைசிவரை திருகிவிட்டால், மெல்லப் பேசினாலும் காது கிழியுமல்லவா? அதுபோல இந்நோயில் வலியைக் கொண்டுபோகும் நரம்பு மண்டலம் அதிகப்படியாகத் திருகப்பட்டிருக்கின்றது. தோளிலிருந்து வரும் சேதி தோள்வலி ஆகின்றது. குடலிலிருந்து வரும் சேதி வயிற்று வலி ஆகின்றது. மூத்திரப்பையிலிருந்து வரும் சேதி அங்கே வலி ஆகின்றது. வெளிச்சமும் வாசனையும் சத்தமும்கூடத் தாங்க முடியாமல் போகின்றன. ஆகவே கூட்டாளிகள் பலர் என்றாலும், அநேகமாக அவர்கள் உட்கார்ந்து பேசும் திண்ணை ஒன்றுதான். ஒன்பது தோஷம் எதற்கு?

இந்த ஒலிபெருக்கியைச் சொன்னதும் நமக்கு மற்றொரு விஷயம் ஞாபகம் வருகின்றது. 1975-இல் கனடா தேசத்தில் மோல்டாப்ஸ்கி என்பவரும் அவருடைய தோழர்களும், ஆரோக்கியமான சில மாணவர்களைத் தூங்கவைத்து, அவர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போதெல்லாம் சத்தம் செய்து அதைக் கலைத்துப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே அந்த மாணவர்களுக்கும் உடம்பு வலியும் களைப்பும் உண்டாயிற்று. தூங்கவிட்டவுடன் சரியாகப் போயிற்று. ஆக, தூக்கக் கேடு இந்நோயின் கூட்டாளி மாத்திரமல்ல, இதற்குத் தீனி போடுகிற கூட்டாளியும் ஆகின்றது. ஆனால் நமது ஊர்களில் நடப்பது என்ன? வலிக்காரியை விடிய விடியக் கண் விழிக்கவைத்து உடுக்கை அடிப்பது சிகிச்சையாம்! தெருவில் ஆடி மாதம் முழுவதும் அம்மன் பாட்டு இரவெல்லாம் அலறுவது புண்ணியமாம்! இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருஷத்திலேயே மத்திய சர்க்கார் விதி செய்திருக்கின்றது. சாமிக்குக் காது மந்தமா, அல்லது சட்டத்துக்குக் காது மந்தமா என்பது நமக்கு விளங்கவில்லை.

இவ்வளவு சொன்னபிறகும் ஒரு பக்தர் நம்மிடம் வருவார். “நீங்கள் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். என் சம்சாரம் மூன்று வருஷம் வலியில் கிடந்தாள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலை ஏறினாள். இறங்கினபிறகு வலி குறைந்தது. இதற்கு என்ன சொல்லுகிறீர்?” என்பார். அவர் பொய் சொல்லுகின்றார் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் மூன்று விஷயங்களை அவர் யோசிக்க வேண்டும்.

முதலாவது, இந்நோய் ஏறி இறங்கும் தன்மையுள்ளது. சில வாரம் கொல்லும்; சில வாரம் தணியும். மனிதன் நேர்ந்துகொள்வது எப்பொழுது? வலி உச்சத்தில் இருக்கும்பொழுதுதான். உச்சத்தில் இருப்பது அடுத்து இறங்கத்தான் செய்யும். இறங்குகின்ற சமயத்தில் அங்கே யார் நின்றாலும் அவருக்கே பேர். முருகன் நின்றால் முருகனுக்கு, மேரி நின்றால் மேரிக்கு, தர்கா நின்றால் தர்காவுக்கு. இரண்டாவது, வீட்டார் அவளை மூன்று வருஷமாக வேஷக்காரி என்றார்கள். காவடி எடுத்த அன்றுதான் அவளுடைய வலியை ஊரறிய ஒப்புக்கொண்டு, கூட நடந்து, தண்ணீர் கொடுத்துத் தாங்கினார்கள். நம்பிக்கையும் ஆதரவும் வலியைக் கொஞ்சம் தணிக்கும் என்பதை வைத்தியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஆதரவை வீட்டிலேயே கொடுக்க எந்தச் சாமி தடுத்தது?

மூன்றாவதுதான் முக்கியம். திருத்தணி மலைக்கு வருஷத்தின் நாட்களுக்கு ஒன்றாக 365 படி என்கிறார்கள். ஐரோப்பிய வாதநோய் வைத்தியர் சங்கத்தார் இந்நோய்க்கு உண்டான எல்லாச் சிகிச்சைகளையும் ஆராய்ந்து, 2016-இல் திருத்தி வெளியிட்ட தீர்மானத்தில், சந்தேகமில்லாமல் பலமாகச் சிபாரிசு செய்தது ஒன்றே ஒன்றைத்தான். அது மாத்திரை அல்ல, தேகப் பயிற்சி. மெதுவாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நாள்தோறும் நடப்பது. ஆகவே படி ஏறியதால் ஏதாவது பலன் உண்டாகியிருந்தால், அது படியின் பலனே ஒழிய, படிக்கு மேலே இருப்பவருடைய பலன் அல்ல. அந்த நடையை ஏரிக்கரையில் நடந்தாலும் அதே பலன். உண்டியல் செலவும் இல்லை. ஆனால் வருஷம் முழுவதும் படுத்துக் கிடந்துவிட்டு ஒரே நாளில் 365 படியும் காவடியோடு ஏறினால், அநேகருக்கு மறுநாள் முதல் வலி இரட்டிப்பாகும். அப்படி இரட்டித்தவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை. பக்தியில் குறை என்று தங்களையே நொந்துகொண்டு படுத்துவிடுகிறார்கள். பலித்தால் சாமியின் பெருமை, பலிக்காவிட்டால் பக்தனுடைய குற்றம்! இப்படிப்பட்ட லாபமான வியாபாரம் உலகத்தில் வேறு உண்டா?

இன்னும் ஒரு கூட்டத்தார், இது பூர்வஜென்ம கர்மம், அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்கிறார்கள். அதைச் சொல்கிற பெரிய மனிதருக்குப் பல் வலித்தால் கர்மத்தை அனுபவித்துத் தீர்க்கிறாரா, பல் டாக்டரைத் தேடி ஓடுகிறாரா? தனக்கு டாக்டர், பிறத்தியாருக்குக் கர்மம் என்பது என்ன வேதாந்தம்?

கண்ணுக்குத் தெரியாத நோயைப் பேயிடம் ஒப்புவித்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்நாட்டில் அத்தாட்சி இருக்கின்றது. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவின் புண்ணியத்தால் சித்தம் தெளியும் என்று கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகளைத் தனியார் விடுதிகளில் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி அப்படிப்பட்ட ஒரு விடுதியில் தீப்பிடித்தது. கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல், 28 பேர் மாண்டார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று நாம் இதில் வித்தியாசம் பார்ப்பதில்லை. நோயாளியின் கையில் மருந்துக்குப் பதில் விலங்கை மாட்டும் எந்த மதமும் நமக்கு ஒன்றுதான்.

கோயிலை மாத்திரம் குற்றம் சொல்லிவிட்டு நாம் போய்விட மாட்டோம். ஆஸ்பத்திரியிலும் குற்றம் இருக்கின்றது. தலைவலிக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர் என்று ஓடி, ஆளுக்கொரு படம் எடுத்து, ஆளுக்கொரு மாத்திரை எழுதி, கடைசியில் “உனக்கு ஒன்றுமில்லையம்மா” என்று அனுப்பிவிடுகிற டாக்டர்களும் இருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்கிற டாக்டருக்கும் பேய் என்கிற பூசாரிக்கும் நோயாளியைப் பொறுத்தவரை அதிக வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் பூசாரியாவது வலி இருப்பதை ஒப்புக்கொள்கிறார்! படித்த டாக்டர் கைவிட்ட இடத்தில்தான் படிக்காத பூசாரிக்குப் பிழைப்பு நடக்கின்றது.

வலி நீக்கும் ஊசி, சர்வ வாதத்துக்கும் ஒரே பொடி என்று விற்கிறவர்களிடத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டைத் திருட்டுத்தனமாகக் கலப்பதுண்டு. முதலில் சுகம் போலத் தோன்றும். பிறகு எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். கடையில் வாங்கி விழுங்கும் சாதாரண வலி மாத்திரைகளும் இந்நோய்க்கு அதிகம் உதவுவதில்லை. நாளடைவில் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது? கூட்டத்தைக் கூட்டமாகவே பிடிக்க வேண்டும். நோயாளி தனக்குள்ள எல்லாத் தொல்லைகளையும், தலைவலி முதல் மூத்திரம் வரை, வெட்கப்படாமல் ஒரே காகிதத்தில் எழுதி, ஒரே டாக்டரிடம் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகளைவிட்டு எழுதச் செய்யலாம். டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது, இந்நோயைப் போலவே வேஷம் போடுகின்ற, அல்லது இதோடு சேர்ந்து நிற்கின்ற, சுலபமாகத் தீரக்கூடிய கோளாறுகளை. தைராய்டு குறைந்தாலும் உடம்பு வலிக்கும், களைக்கும். சோகை இருந்தாலும் களைக்கும். இரும்புச் சத்து குறைந்தால் இரவில் கால் குடையும். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்குப்படி இந்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. நாக தோஷம் என்று புற்றுக்கு ஊற்றுகிற பாலை அந்தப் பெண்ணுக்கே கொடுத்து, ரத்தத்தைப் பரிசோதித்து இரும்பு மாத்திரையும் கொடுத்தால், பாதி நாகங்கள் ஊரைவிட்டு ஓடிப்போகும். மூட்டு வீங்கிச் சிவந்து, காலையில் வெகுநேரம் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதைத் தாமதித்தால் மூட்டே கெடும்.

கூட்டாளிகளை அறிவது ஏன் அவசியம் என்பதற்கு இன்னொரு உதாரணம். நடை நல்லது என்றோம். ஆனால் சிலருக்கு, கொஞ்சம் உழைத்தாலும் மறுநாள் முதல் பல நாள் எழுந்திருக்க முடியாமல் அடித்துப்போடும் நாட்பட்ட களைப்பு நோய் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்டவர்களைப் பிடிவாதமாகப் பயிற்சி ஏற்றச் சொல்லக்கூடாது என்று பிரிட்டிஷ் சர்க்காரின் வைத்திய ஆலோசனை அமைப்பு 2021-இல் தீர்மானித்திருக்கின்றது. ஒரே நோய்க்காரர் இருவருக்குள் கூட்டாளி வேறானால் வழியும் வேறாகின்றது. இதைத் தாயத்து அறியுமா?

மருந்துகளும் உண்டு. பிரிகாபலின் என்னும் மருந்தை 2007-இல் அமெரிக்க சர்க்கார் இந்நோய்க்கென்று ஒப்புக்கொண்டார்கள். அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின் முதலியவைகளும் வழங்குகின்றன. இவை அடியோடு தீர்த்துவிடும் என்று நாம் புளுகமாட்டோம். சிலருக்குக் கொஞ்சம் குறைக்கும். டாக்டர் சொல்லாமல் தின்னவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. இந்நோயை வேரோடு பிடுங்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் இது ஆளைக் கொல்லும் நோயும் அல்ல, மூட்டைத் தின்னும் நோயும் அல்ல. தூக்கம், நடை, மருந்து, ஆதரவு நான்கும் சேர்ந்தால் அநேகர் மறுபடியும் தறியில் உட்காரவும், வயலில் இறங்கவும், பிள்ளையைத் தூக்கவும் முடிகின்றது. உண்மை இவ்வளவுதான். பூசாரி முழுச் சுகம் தருவதாகச் சொல்லி ஒன்றும் தருவதில்லை. வைத்தியம் பாதிச் சுகம் என்று சொல்லி அந்தப் பாதியைத் தருகின்றது. எது நாணயமான கடை?

மனச்சோர்வைப் பற்றி ஒரு வார்த்தை. வலியும் தூக்கமின்மையும் அவமானமும் சேர்ந்தால் எந்த மனமும் சோரும். சோர்வு உண்டு என்பதால் வலி பொய் ஆகிவிடாது. வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிற அளவுக்குப் போனால், 14416 என்ற டெலிபோன் எண்ணில் சர்க்கார் மனநல ஆலோசனை 2022 முதல் இலவசமாகக் கிடைக்கின்றது; தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். எல்லையோரத்து ஜனங்களுக்கு இது சௌகரியம். திருத்தணியிலேயே சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கின்றது. திருவள்ளூரில் மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டிருக்கின்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் வாத நோய்க்கென்றே தனித் துறை உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டியது நமது உரிமை.

சட்டத்தையும் கவனிப்போம். தாயத்து, மந்திரம், கவசம் முதலியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது குற்றம் என்று 1954-ஆம் வருஷத்திலேயே இந்திய சர்க்கார் சட்டம் செய்திருக்கின்றது. வாத நோயும் அதன் ஜாபிதாவில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றது. ஆனால் இன்றும் சுவர்களிலும் டெலிவிஷனிலும் அந்த விளம்பரம் ஓய்ந்தபாடில்லை. மகாராஷ்டிரத்தில் தபோல்கர் என்னும் பகுத்தறிவாளர் 2013 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வருஷமே நரபலி, பில்லி சூனியம் ஆகியவற்றுக்கு எதிரான சட்டம் அங்கே நிறைவேறிற்று. அதற்குமுன் பல வருஷம் அவர் கேட்டும் கிடைக்கவில்லை. சுயமரியாதை இயக்கம் பிறந்த தமிழ்நாடு மற்றவர்களுக்குப் பின்னால் நிற்பது அழகா என்று கேட்கின்றோம்.

கடைசியாகச் சாமிகளுக்கும் ஒரு கேள்வி. நம்முடைய அறநிலையத் துறையார் சில பெரிய கோயில்களில் பக்தர்களுக்காக டாக்டரும் நர்சும் உள்ள மருத்துவ மையங்களைத் திறந்திருக்கிறார்கள். இதை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆனால் நோய் தீர்க்கும் சாமியின் வாசலிலேயே டாக்டர் உட்கார வேண்டியிருக்கின்றது என்றால், உள்ளே இருப்பவருடைய கைராசி எப்படி இருக்கும் என்று பக்தர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். பெரியார் தமது கடைசிக் காலத்தில் மூத்திரக் குழாயைச் சுமந்துகொண்டே மேடை மேடையாக ஏறிப் பேசினார். 1973 டிசம்பரில் நோய் முற்றினபோது அவர் போனது வேலூர் ஆஸ்பத்திரிக்கே ஒழிய எந்த மலைக்கும் அல்ல.

தோழர்களே, உங்கள் வீட்டில் உடம்பெல்லாம் வலிக்கின்றது என்று ஒரு தாயோ, மனைவியோ, தமக்கையோ சொன்னால், ஏன் ஆண்பிள்ளையே சொன்னாலும், முதலில் அதை நம்புங்கள். இரண்டாவது, வேறு என்னென்ன செய்கின்றது என்று கேளுங்கள். மூன்றாவது, அவளுடைய வேலையில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது, காவடிக்கு முடிந்துவைத்த பணத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்ணின் சொல்லுக்குச் சாட்சி கேட்காத வீடுதான் சுயமரியாதைக்காரன் வீடு. மற்றதெல்லாம் சட்டையின் நிறத்தோடு சரி.